உரக்கடையில் விலையைக் கேட்கும் முன் லேபிளைப் பாருங்கள்

சம்பா நடவுக்கு முன் துத்தநாக சல்பேட் வாங்க உரக்கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு வகைப் பையை எடுத்து வைக்கிறார். ஒன்று கிலோ 70 ரூபாய், இன்னொன்று 95 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் 70 ரூபாய் பையைத்தான் எடுப்போம். எடுக்கும் முன் பையைத் திருப்பி, அச்சிட்டிருக்கும் சத்தின் அளவைப் பாருங்கள். ஒன்றில் துத்தநாகம் 21 சதவீதம், மற்றதில் 33 சதவீதம் என்று இருக்கும். இரண்டுமே நல்ல உரம்தான், போலி கிடையாது. ஆனால் 21 சதவீத உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் உப்போடு சேர்ந்திருக்கும் நீர். 33 சதவீத உப்பில் அந்த நீர் மிகக் குறைவு.

நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் என்று நாங்கள் சொல்வது 21 சதவீத உப்பைக் கணக்கில் வைத்துத்தான். அதில் பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகம் 2.1 கிலோ. இதே அளவைப் பெற 33 சதவீத உப்பு சுமார் 6.4 கிலோ இருந்தால் போதும். முதல் பையில் 700 ரூபாய் ஆகிறது, இரண்டாவதில் 608 ரூபாய்தான். உங்கள் ஊர்க் கடையின் விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள்; விலை மாறினால் முடிவும் மாறும். 33 சதவீதத்தை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் 10 கிலோவையும் வீசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மிச்சம் எங்கே வரும்? பசுந்தாள் உரம் மடக்கி உழுத வயல் என்றால் 21 சதவீத உப்பே ஏக்கருக்கு 5 கிலோ போதும். எதை வாங்கினாலும் உலர்ந்த மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்க வேண்டாம்.

யூரியா, டி.ஏ.பி. மூட்டைகளுக்கும் இதே கணக்குதான். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் மூட்டையில் 20.7 கிலோ இருக்கிறது. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்கும் குறைவு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். அதில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. அந்த 9 கிலோ தழைச்சத்தை யூரியாவாக வாங்கினால் 20 கிலோ யூரியா, 120 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதி 1,230 ரூபாயும் மணிச்சத்துக்காக நாம் கொடுப்பது. நெல்லுக்கு மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகவே கொடுத்துவிட வேண்டும். ஆனால் தூர் கட்டும் பருவத்தில் "பயிர் கொஞ்சம் வெளுத்திருக்கு" என்று டி.ஏ.பி.யை மேலுரமாக வீசுகிறோம். பயிர் பச்சை கட்டுவது அதிலுள்ள தழைச்சத்தால். 120 ரூபாய் வேலைக்கு 1,350 ரூபாய் செலவு செய்தோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் பயிர் பச்சையாகத்தான் நிற்கிறது.

பூச்சிமருந்து விஷயத்தில் இழப்பு இதைவிடப் பெரிது. இதில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டார். புகையானுக்கு மருந்து அடித்தும் அடங்கவில்லை என்றார். நான் ஏதோ கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில், "ஐயா, வேறு மருந்தாக மாற்றி அடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவரும் கடைக்குப் போய் வேறு பாட்டில் வாங்கி அடித்திருக்கிறார். எட்டு நாள் கழித்து வயலுக்குப் போனேன். வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து தீய்ந்து கிடந்தது. வரப்பில் வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பார்த்தேன். கம்பெனி வேறு, பெயர் வேறு, மூடியின் நிறம் வேறு. கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதம். ஒரே மருந்துக்கு இரண்டு முறை பணம், இரண்டு முறை ஆள்கூலி. அந்த மருந்துக்குப் பழகிப்போன புகையான் மட்டும் அப்படியே இருந்தது. "நீங்க சொன்னபடிதானே தம்பி மாத்தினேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். எந்த மருந்து என்று பெயரைச் சொல்லாதது நான்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் மருந்தின் வேதிப்பெயரையே எழுதித் தருகிறேன், வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். நீங்களும் அப்படிக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். வேதிப்பெயரும் சதவீதமும் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். கண் தெரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே வேதிப்பெயர், ஒரே சதவீதம், அளவும் ஒன்று என்றால் இரண்டு நல்ல கம்பெனிகளில் விலை குறைந்ததை வாங்கலாம். மருந்து கேட்கவில்லை என்று மாற்றும்போது வேதிப்பெயர் கட்டாயம் மாற வேண்டும், முடிந்தால் குடும்பமே மாற வேண்டும். இமிடாகுளோபிரிட்டும் தயாமீதாக்சமும் பெயரில் வேறு, குடும்பம் ஒன்று. பைமெட்ரோசின் வேறு குடும்பம். முன்பு அடித்த பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து வைத்திருந்தால் கடையில் நின்றபடியே ஒப்பிட்டுவிடலாம். காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். விதைப் பையிலும் அட்டையில் போட்டிருக்கும் காலக்கெடுவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ரசீது. மானிய உரத்தை விற்பனை முனையக் கருவியில் பதிந்துதான் கொடுக்க வேண்டும், அதிலிருந்து ரசீதும் வரும். கேட்டு வாங்குங்கள். மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. யூரியா தட்டுப்பாடான நாட்களில், "இந்த டப்பாவையும் எடுத்தால்தான் மூட்டை" என்று சில கடைகளில் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததே. அப்படிக் கட்டாயப்படுத்துவது தவறு. கடையில் சண்டை போட வேண்டாம். ரசீதையும், எடுக்கச் சொன்ன பொருளின் படத்தையும் கொண்டுபோய் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், அதே கடையில் வாங்கிய நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம்.