பழைய காசு விற்கப் போறீங்களா? கொஞ்சம் ‘நாணயமும்’ வேண்டும்!

‘டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!’ யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒரு வீடியோ கண்ணில் படாத நாளே இல்லை. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு, 786 என்று முடியும் நோட்டு, திருவள்ளுவர் காசு என்று பட்டியல் நீளும். பார்த்துவிட்டு பரணில் இருக்கும் தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்குபவர்கள் ஏராளம்.

முதலில் அந்த லட்சக் கணக்கைப் பார்த்துவிடலாம். வைஷ்ணவி தேவி காசு 2012இல் வந்தது. திருவள்ளுவர் காசு 1995இல் தஞ்சாவூரில் நடந்த 8ஆம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளியானது. இரண்டுமே புழக்கத்துக்கு என்று அடித்துவிடப்பட்ட காசுகள். சேகரிப்பவர்கள் பெரும்பாலானோரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, இதற்கு லட்சம் தருகிறேன் என்று ஒருவர் தானாகப் போன் பண்ணினால், அவர் காசு வாங்க வரவில்லை. ‘ரிசர்வ் வங்கியில் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கூரியர் சார்ஜ் மட்டும் முதலில் அனுப்புங்க சார்’ என்று அடுத்த போன் வரும். பழைய காசு, நோட்டு விற்பனையில் தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று அறிக்கை விட்டு எச்சரித்தது. யுபிஐயில் பணம் ‘வாங்க’ பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

மோசடியை ஒதுக்கிவிட்டால், மிச்சம் இருப்பது உண்மையான ஒரு உலகம். காசு சேகரிப்பவர்கள் தங்களுக்குள் வாங்குவதும் விற்பதும் பல காலமாக நடக்கிறது. அங்கே எழுதி வைக்காத மரியாதைகள் சில உண்டு. புதிதாக விற்க வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

மதுரை மண்ணில் என்ன கிடைக்கும்?

இந்த விஷயத்தில் மதுரை சாதாரண ஊர் அல்ல. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளாக வரைந்த மீன் என்று சதுரமாக இருக்கும் சங்க காலப் பாண்டியர் செப்புக் காசு, ரோமிலிருந்து வந்த பொடிப்பொடியான செப்புக் காசு, 14ஆம் நூற்றாண்டில் சில பத்தாண்டுகள் மட்டும் மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசு, நாயக்கர் காசு, டச்சுக்காரர்களின் காசு, கிழக்கிந்திய கம்பெனியின் காசு என எல்லாமே இந்த வட்டாரத்தில் புழங்கியவை. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980களில் அடையாளம் கண்டு வெளியிட்டபோது சங்க கால வரலாற்றுக்கே அது புதுச் சான்றாக அமைந்தது. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் அவர் தனி நூலே எழுதினார்.

ஆகவே, ‘ஏதோ துருப்பிடிச்ச செம்பு’ என்று நாம் தூக்கிப் போடுவது ஒரு வரலாற்றுத் துண்டாகவும் இருக்கலாம். இதற்கு நேரெதிராக, ‘ராஜராஜன் காலத்துக் காசு, ரொம்ப ரேர்!’ என்று கூவி விற்கப்படுவது அப்படி ஒன்றும் அரிதாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு பக்கம் நின்ற உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உள்ள ராஜராஜன் செப்புக் காசுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆயிரம் வருஷம் பழசு என்பது வேறு, அரிது என்பது வேறு. விற்பவர்கள் அதிகம் வீணடிக்கும் சொல் இந்த ‘ரேர்’தான். தெரிந்தவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

சட்டம் சொல்வது இதுதான்

நிலத்தை உழும்போதோ, மேலூர் பக்கம் வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ காசுக் குடம் ஒன்று கிடைத்தால் அது ‘நம்ம அதிர்ஷ்டம்’ அல்ல. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அந்தக் காலத்து 10 ரூபாய் வரம்பு இன்னும் அப்படியே இருப்பதால், நடைமுறையில் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கிவிடும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஒரு காசு பேசும். சத்தமில்லாமல் பத்துப் பேருக்குப் பிரித்து விற்ற அன்றே அது ஊமையாகிவிடுகிறது. கீழடி வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நூறு ஆண்டுகளைக் கடந்த காசு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். இதை விற்பதைத் தொழிலாகவே செய்ய வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். தனிநபர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ‘சிங்கப்பூர்ல இருக்கிற மாமா நல்ல விலை தர்றேங்கிறார்’ என்று கூரியரில் போட்டுவிடாதீர்கள்.

பெட்டியின் அடியில் செல்லாத 500, 1000 ரூபாய் நோட்டுகள் இருந்தால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தமாக 10 நோட்டுகள் வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. அதற்கு மேல் போனால் அபராதம் 10,000 ரூபாய், அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல் 5 மடங்கு. இரண்டில் எது அதிகமோ அது.

கை வைக்காதீங்க!

சரி, பெட்டியில் இருப்பது சட்டச் சிக்கல் இல்லாத குடும்பச் சேமிப்புதான் என்று வைத்துக்கொள்வோம். ராஜா தலை வெள்ளி ரூபாய் நாலைந்து, ஓட்டைக் காலணா, அணாக்கள், 2011 ஜூன் 30இலிருந்து செல்லாமல் போன 25 பைசாக்கள் என்று எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே கலவைதான் இருக்கும்.

பலர் செய்யும் முதல் வேலை, புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குச் சரிப்படாது. செம்பின் மேல் காலம் பூசிய அந்தக் கருமையும், வெள்ளியின் மங்கிய நிறமும்தான் சேகரிப்பவர் தேடுவது. எலுமிச்சை, பற்பசை, பாலிஷ் என்று எது போட்டாலும் மேல்பரப்பில் மெல்லிய கீறல் விழும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், விலையோ சரிந்துவிடும். திரும்பச் சரிசெய்யவும் முடியாது. காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாயும் அப்படித்தான். அதற்குப் பெரும்பாலும் வெள்ளி விலை மட்டுமே கிடைக்கும். அதை மறைத்துப் படம் எடுப்பது நேர்மையல்ல.

படம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல். கூடவே எடையும் சொல்லிவிட்டால் பாதி கேள்வி குறைந்துவிடும். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு பல போலிகளைக் காட்டிக் கொடுத்துவிடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1940க்கு முந்தைய ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், 1940இலிருந்து பாதிக்குப் பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். எல்லாவற்றையும் ‘சுத்த வெள்ளி’ என்று ஒரே விலைக்குப் போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதில்தான் முடியும், அது தெரியாமல் செய்ததாக இருந்தாலும்.

ஆண்டையும் கவனியுங்கள். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, பார்ப்பவர்களுக்குப் பன்றி மாதிரி தெரிந்ததால் சர்ச்சையாகி, அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. மறு ஆண்டே யானையின் உருவத்தைத் திருத்தினார்கள். 1939 வெள்ளி ரூபாய் அதைவிட அரிது. அரிது என்பதாலேயே வேறு ஆண்டின் எண்ணை மாற்றிச் செதுக்கிய போலிகளும் சுற்றுகின்றன. உங்கள் கையில் இருப்பது அசலா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ‘எனக்குத் தெரியலைங்க, நீங்களே பார்த்து முடிவு பண்ணிக்குங்க’ என்று சொல்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. சந்தேகம் இருந்தும் ‘அசல்’ என்று அடித்துச் சொல்வதுதான் பிரச்சினை. போலி என்று பிறகு தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்தே நகல் விற்பவர் ‘நகல்’ என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும், கடைசி வரியில் பொடி எழுத்தில் அல்ல.

‘எவ்வளவு தருவீங்க?’

சேகரிப்பவர்களை எரிச்சல்படுத்தும் கேள்வி இதுதான். பத்துக் காசுகளின் மங்கலான படத்தைப் போட்டுவிட்டு ‘பெஸ்ட் பிரைஸ் சொல்லுங்க’ என்றால், வாங்குபவர் தன் அறிவையும் நேரத்தையும் இலவசமாகத் தர வேண்டும். அவர் சொன்ன விலையை வைத்து இன்னொருவரிடம் பேரம் நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். விற்பவர்தான் விலை சொல்ல வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆன்லைனில் ஒருவர் ஒரு காசுக்கு 2 லட்சம் போட்டிருப்பது விலை அல்ல, ஆசை. ஏலங்களில் அதே ஆண்டு, அதே தரக் காசு கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று பார்க்க வேண்டும். நாணய ஏல நிறுவனங்கள் பலவும் முடிந்த விலைகளை வெளியிடுகின்றன. தேய்மானம்தான் இதில் எல்லாம். ஒரே ஆண்டின் இரண்டு காசுகளுக்கு விலை பல மடங்கு வித்தியாசப்படலாம். சுதந்திர இந்தியாவின் காசுகளில் ஆண்டுக்குக் கீழே உள்ள அச்சகக் குறியையும் பாருங்கள்: வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சின்னப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

விலை சொல்லியாயிற்று. ஒருவர் ‘எனக்கு வேணும்’ என்றும் சொல்லிவிட்டார். அதோடு அந்தக் காசு அவருக்குத்தான். அரை மணி நேரம் கழித்து இன்னொருவர் தனியாக மெசேஜ் போட்டு ‘அண்ணே, 300 ரூபாய் கூடத் தர்றேன்’ என்பார். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முதல்வருக்குப் பணம் அனுப்ப ஒரு நாளோ இரண்டு நாளோ கெடு கொடுத்து, அதைத் தாண்டினால் மட்டுமே அடுத்தவரிடம் போவதுதான் முறை. மதுரை, திண்டுக்கல், விருதுநகர் என்று சுற்றிச் சுற்றி இந்த வட்டம் சின்னது. யார் பேச்சு மாறினார் என்பது சீக்கிரம் பரவிவிடும். வாங்குபவருக்கும் இது பொருந்தும். ‘எனக்கு’ என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவருக்கு அடுத்த முறை யாரும் பதில் போடுவதில்லை. அடுத்தவர் விற்கும் இடத்தில் போய் ‘என்கிட்ட இதைவிட மலிவா இருக்கு’ என்று எழுதுவதும் அநாகரிகம்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர், தெரியாதவரிடம் வாங்குவது. கணவர் சேர்த்து வைத்த காசுப் பெட்டியை ஒரு வயதான அம்மா விற்க வருகிறார். மொத்தத்தையும் வெள்ளி எடைக்கு விலை போட்டு வாங்கி, அதிலிருந்த ஒரே ஒரு அரிய ரூபாயை மட்டும் பெரிய விலைக்குத் தள்ளிவிடுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று பேசுவதுண்டு. ‘அவங்க கேட்ட விலையைத்தானே கொடுத்தேன்’ என்பார்கள். கேட்டவருக்கு விலை தெரியாது என்பது கொடுத்தவருக்குத் தெரியுமே! ‘இந்த ஒண்ணு மட்டும் தனிங்கம்மா, இதைத் தனியா வித்துக்குங்க’ என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அடுத்த பெட்டி அவர்களைத் தேடித்தான் போகிறது.

அதேபோல, பெட்டி உங்கள் பரணில் இருப்பதால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. தாத்தாவின் காசு என்றால் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு. போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்பது நல்லது. பூஜை அறையில் குங்குமம் ஒட்டிக் கிடக்கும் ராஜா தலை ரூபாயைத் தொடும் முன் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்ன காசு என்றே தெரியவில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்துக்கொள்ளாமல், காந்தி மியூசியம் வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வேலை நாளில் போய் விசாரிக்கலாம். ‘வாங்குகிறோம்’ என்று போர்டு போட்டவரிடம் முதலில் காட்டுவதைவிட, வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரிடம் கேட்பது பாதுகாப்பு.

கடைசியாகப் பார்சல். தபால் செலவு யாருடையது என்பதை விலையோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். பணம் வந்த பிறகு ‘கூரியருக்கு 120 தனி’ என்றால் கசப்புதான் மிஞ்சும். காசை வெறும் கவரில் போட்டால் வழியிலேயே கிழித்துக்கொண்டு விழுந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே, ஆட்டினால் சத்தம் வராதபடி ஒட்ட வேண்டும். டேப் காசின் மேல் படக் கூடாது. கவருக்கு வெளியே ‘பழைய காசு’ என்று எழுதி ஊருக்கே அறிவிக்க வேண்டாம். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்ட்தான். விலை கூடிய காசு என்றால் இன்சூரன்ஸ் பற்றி கவுண்டரில் கேளுங்கள். பேக் செய்வதை மொபைலில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதின் டிராக்கிங் நம்பரை அன்றைக்கே வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள். ‘அனுப்பிட்டீங்களா?’ என்று அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.