சாங்தாங் ஆடும் காஷ்மீரச் சால்வையும்

லடாக்கின் கிழக்குக் கோடியில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலாகத் திபெத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் சாங்தாங் பீடபூமியில் மரம் என்று சொல்லத்தக்க ஒன்றைக் காண்பது அரிது. பனிக்காலத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கிவிடுகிற அந்தப் பிரதேசத்தில், கவரி எருமையின் ரோமத்தால் நெய்த கூடாரங்களில் வசித்து, மேய்ச்சலைத் தேடி இடம் மாறி ஜீவனம் செய்யும் சாங்பா மக்களுக்கு ஆடுகளே ஐசுவரியம்.

அந்த ஆட்டின் மேல்தோற்றத்தில் விசேஷம் ஒன்றுமில்லை; முரட்டு மயிர் நீளமாகத் தொங்கும். ஆனால் பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் அம்முரட்டு மயிருக்கு அடியில், தோலை ஒட்டி, 12 முதல் 15 மைக்ரான் வரை மட்டுமே பருமனுள்ள, நம் தலைமயிரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கேயான மெல்லிய ரோமம் அடர்ந்து வளர்ந்து, வசந்தத்தில் தானே கழல ஆரம்பிக்கிறது. அப்போது ஆட்டைக் கீழே சாய்த்துக் கால்களைக் கட்டி, நீண்ட பற்களுள்ள சீப்பினால் கழுத்திலிருந்து வயிறு வரை பொறுமையாக வாரி எடுக்கிறார்கள், கத்தரிப்பதில்லை. ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 250 கிராம் கிடைக்கும். முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கினால் அதில் பாதிகூடத் தேறுவதில்லை.

இந்த ரோமத்துக்காக ராஜ்யங்கள் சண்டையிட்டன என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் 1684ஆம் ஆண்டு லடாக்கும் திபெத்தும் செய்துகொண்ட திங்மோஸ்காங் உடன்படிக்கையில், 'பஷ்ம்' அல்லது 'பஷ்மினா' எனப்படும் இந்த ரோமத்தின் வியாபார உரிமை ஒரு முக்கிய ஷரத்தாக இடம்பெற்றது. 1834இல் ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங்கின் தோக்ரா சைனியம் லடாக்கில் புகுந்ததற்கும் இந்த வியாபாரத்தின் மீதிருந்த ஆசை ஒரு காரணம். நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் காஷ்மீரச் சால்வைகளில் கொண்ட மோகம் பிரஸித்தமானது. ஐரோப்பாவில் அந்த மோகம் தணிந்தபோது, 1870ஆம் ஆண்டுப் பிரான்ஸ்-பிரஷ்யப் போருக்குப் பின், காஷ்மீர நெசவாளர்கள் பட்ட துன்பத்தைப் பற்றி மட்டும் அதிகமாக யாரும் பேசுவதில்லை.

காஷ்மீரத்துப் பெண்கள் ஊறவைத்து இடித்த அரிசி மாவை இந்த ரோமத்துடன் சேர்த்துப் பிசறி எண்ணெய்ப் பசையைப் போக்கிய பின், 'யெண்டர்' என்னும் ராட்டையில் நூற்கிறார்கள். இயந்திரத்தின் இழுப்பை இவ்வளவு மெல்லிய இழை தாங்காது. ஆகையால் விசைத்தறிக்காரர்கள் நைலானைக் கலந்து நூற்று, நெய்தபின் அந்த நைலானை அமிலத்தில் கரைத்துவிடுகிறார்கள். உற்பத்தி பெருகுகிறது என்பது வாஸ்தவமே. ஆனால் இழையின் ஆயுளும் அந்த அற்புதமான ஸ்பரிசமும் குறைந்துபோவதை அறிந்துகொண்டே இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2012 மார்ச் மாதம் காஷ்மீரத்தின் வேளாண் பல்கலைக்கழகத்தில் 'நூரி' என்ற பஷ்மினா ஆட்டைக் குளோனிங் முறையில் பிறப்பித்தார்கள். விஞ்ஞானத்தின் சாதனைதான், ஆயினும் சாங்பாக்களின் கவலை வேறு. மேய்ச்சல் மூடிப்போகும்படி பனி கொட்டுகிற ஆண்டில் குட்டிகள் மடிகின்றன. படித்த பிள்ளைகள் லே நகரத்தை நாடிப் போய்விட, ஆட்டை ஓட்டிச் செல்ல ஆளில்லாத கூடாரங்கள் பெருகுகின்றன.

வடக்கே யாத்திரை போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சால்வை மோதிரத்துக்குள் நுழைகிறதே என்று மயங்க வேண்டாம். மெல்லிய செயற்கைத் துணியும் நுழையும். 'ஷாதூஷ்' என்று ரகசியமாக நீட்டினால் தொடவே வேண்டாம். அது சிரு மானைக் கொன்று எடுப்பது, சட்டப்படி குற்றம். புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சால்வைக்கு இரண்டு மூன்று ஆடுகளின் ஓராண்டு ரோமமும் பல நாள் கைவேலையும் செலவாகின்றன. கடைவீதியில் முந்நூறு ரூபாய்க்குக் கூவி விற்கப்படுவது பஷ்மினா அன்று.