‘மறுபடியும் நிறுத்திட்டாங்கப்பா!’ - கும்மிடிப்பூண்டி லைனின் தினசரி கடுப்புகளும் அவற்றின் காரணங்களும்

காலை ஷிஃப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகும் மின்சார ரயில், வழியில் ஒரு ஸ்டேஷனில் நிற்கிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள், ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள். ஆனால் வண்டி கிளம்பவில்லை. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் ஆகிறது. எந்த அறிவிப்பும் இல்லை. "மறுபடியும் நிறுத்திட்டாங்கப்பா" என்று ஒரு குரல் ஆரம்பிக்க, "இவங்களுக்கு தினமும் இதே வேலை" என்று இன்னொரு குரல் சேர்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் தடதடவெனக் கடந்து போகிறது. "ஓ, துரைக்கு வழிவிடத்தானா?" என்று பெட்டியே சிரிக்கிறது. சிரிக்காமல் வாட்ச்சைப் பார்ப்பவர், கம்பெனி கேட்டில் பஞ்ச் வைக்க வேண்டியவர்.

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைப் பகுதியில் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ரயில் நிற்பது, கேட் மூடியிருப்பது, பக்கத்து சீட்காரர் போனில் கத்துவது, லாரி ஹாரன் அடிப்பது என எல்லாமே சின்ன விஷயங்கள்தான். பிறகு ஏன் இவை இவ்வளவு கடுப்பைக் கிளப்புகின்றன? இவற்றின் பின்னால் இருப்பது என்ன?

சின்னத் தொல்லை, பெரிய பாதிப்பு

"இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவாங்க?" என்று கேட்பவர்களுக்கு 1981-லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர்கள் ஆலன் கானர், ரிச்சர்ட் லாசரஸ் உள்ளிட்டோர் 45 முதல் 64 வயது வரையிலான 100 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். 117 அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டு, எவையெல்லாம் தங்களைப் படுத்தின என்று மாதாமாதம் குறிக்கச் சொன்னார்கள். விலைவாசி ஏறுவது, பொருளைத் தொலைப்பது, தலைக்கு மேல் வேலை இருப்பது போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன.

வாழ்க்கையில் எப்போதாவது நடக்கும் பெரிய சம்பவங்களைவிட, தினமும் நடக்கும் இந்தச் சில்லறைத் தொல்லைகளுக்கும் உளவியல் பாதிப்பு அறிகுறிகளுக்கும்தான் நெருக்கமான தொடர்பு இருப்பதாக முடிவு வந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பெரிய இடி விழுந்தால் நாலு பேர் வந்து தாங்குவார்கள். தினமும் குத்தும் முள்ளை யாரும் கண்டுகொள்வதில்லை. எட்டு நிமிடத் தாமதத்துக்காக யாரும் லீவு தரப்போவதில்லை.

எப்பவும் நம்ம ரயில்தான் ஒதுங்கணுமா?

சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 48 கி.மீ. தூரம். பேசின் பிரிட்ஜ், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகப் போகும் இந்தப் பாதை புறநகர் ரயிலுக்கு மட்டுமானது அல்ல. கூடூர் வழியாக விஜயவாடா, ஹவுரா, டெல்லி செல்லும் எக்ஸ்பிரஸ்களுக்கும் இதுதான் வழி. எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து அனல்மின் நிலையம், துறைமுகம் சார்ந்த சரக்கு ரயில்களும் இதே பாதையில்தான் ஓடுகின்றன.

சென்னை - கூடூர் பாதையில் அதிகபட்ச வேகம் 2022-ல் மணிக்கு 130 கி.மீ. ஆக உயர்த்தப்பட்டது. லோக்கல் ரயிலோ சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று போகும். அதன் பின்னால் வேகமான வண்டி மாட்டிக்கொண்டால் அதுவும் ஆமை வேகத்தில்தான் வர வேண்டும். அதனால் மெதுவாகப் போகும் வண்டியை ஒரு ஸ்டேஷனில் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் நிறுத்தி, வேகமான வண்டியை முன்னே அனுப்புகிறார்கள். இந்தப் பக்கவாட்டுத் தண்டவாளத்துக்குப் பெயர்தான் லூப் லைன்.

அப்படியே நடுவழியில் சிகப்பு விழுந்தால் அதற்கும் காரணம் உண்டு. முன்னால் போன ரயில் அடுத்த பகுதியைக் காலி செய்யும்வரை பின்னால் வருவதற்குப் பச்சை கிடைக்காது.

இந்த ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதை இதே லைன் பார்த்திருக்கிறது. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் மெயின் லைனில் நேராகப் போக வேண்டியது. அது லூப் லைனுக்குள் நுழைந்து, அங்கே ஒதுங்கி நின்ற சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு பலர் காயமடைந்தார்கள். உயிரிழப்பு இல்லை என்பதுதான் ஆறுதல். லூப் லைனில் ஒரு வண்டியை நிறுத்திவிட்டு இன்னொன்றை 100 கி.மீ.க்கு மேல் வேகத்தில் பக்கத்தில் அனுப்புவது, சிக்னலும் பாதை மாற்றும் கருவியும் ஒவ்வொரு முறையும் சரியாக வேலை செய்தால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம்.

எட்டு நிமிடம் ஏன் அரை மணி நேரம்போல் இருக்கிறது?

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்த டேவிட் மைஸ்டர், காத்திருப்பின் உளவியல் பற்றி 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கடிகாரம் காட்டும் நேரமும் மனசு உணரும் நேரமும் வேறு வேறு என்கிறார் அவர். எந்தெந்தக் காத்திருப்பு நீளமாகத் தோன்றும் என்றும் அதில் சொல்கிறார். அவற்றில் நான்கு இவை:

- செய்ய எதுவும் இல்லாமல் சும்மா காத்திருப்பது
- எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பது
- காரணம் சொல்லப்படாமல் காத்திருப்பது
- நியாயமில்லை என்று தோன்றும் காத்திருப்பது

லூப் லைனில் நிற்கும் கும்மிடிப்பூண்டி ரயிலை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலுக்கு நாலு பொருந்தும். நிற்க இடமில்லாத கூட்டத்தில் செய்ய ஒன்றுமில்லை. எப்போது கிளம்பும் என்று தெரியாது. ஏன் நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில், பின்னால் வந்தவன் முன்னால் போகிறான். அதனால்தான் தாமதத்தைவிட "ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?" என்ற கேள்விதான் பெட்டிக்குள் சத்தமாகக் கேட்கிறது.

இதில் உண்மையான இழப்பும் இருக்கிறது. மாதச் சம்பள ஆபீஸில் பத்து நிமிடத் தாமதம் மேனேஜரின் ஒரு முறைப்போடு முடிந்துவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது அரை நாள் கூலியாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அந்த அவசரத்தில்தான் சிலர் நின்ற வண்டியிலிருந்து குதித்துத் தண்டவாளத்தில் நடக்கத் தொடங்குகிறார்கள். அத்துமீறித் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். தண்டனையைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் வந்துகொண்டிருக்கும் எக்ஸ்பிரஸ்.

ரயிலே காணோம், கேட்டை ஏன் மூடினாங்க?

ரயிலில் இருப்பவர்களுக்கு சிக்னல் கடுப்பு என்றால், பைக்கில் வருபவர்களுக்கு ரயில்வே கேட். "கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வண்டியே இல்ல, அதுக்குள்ள மூடிட்டாங்க" என்பது கேட் இருக்கும் எல்லா ஊரிலும் கேட்கும் வசனம்.

இதற்கும் விளக்கம் இருக்கிறது. சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட் என்றால், கேட் மூடிப் பூட்டப்பட்ட பிறகுதான் ரயிலுக்குப் பச்சை விழும். முழு வேகத்தில் வரும் ரயிலை பிரேக் போட்டு நிறுத்த ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் தேவைப்படும். எனவே ரயில் கேட்டை நெருங்கும்போது அல்ல, வெகு தொலைவில் இருக்கும்போதே லோகோ பைலட்டுக்குப் பச்சை தெரிய வேண்டும். அதற்கும் முன்பே கேட் மூடியிருக்க வேண்டும். நம் கண்ணுக்கு ரயில் தெரியாதபோது கேட் மூடியிருப்பதுதான் சரியான நிலை.

கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் உயிரிழந்தது நினைவிருக்கும். அந்த கேட் சிக்னலோடு இணைக்கப்படாதது. அங்கே பாதுகாப்பு என்பது போனில் பேசிக்கொள்ளும் மனிதர்களை நம்பியே இருந்தது. மூடிய கேட் முன்னால் கடுப்பாகும்போது, திறந்திருந்த அந்த கேட்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் நடக்கும் கூத்து

எல்லாக் கடுப்புக்கும் ரயில்வேயைக் குறை சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு சீட் பிடிப்பது, மூன்று பேர் சீட்டில் "கொஞ்சம் தள்ளிக்கோங்கண்ணா" என்று நான்காவதாக நுழைவது, உள்ளே இடம் இருந்தும் வாசலை அடைத்து நிற்பது எல்லாம் நாமே நமக்குச் செய்துகொள்வதுதான்.

இதில் பலருக்கும் எரிச்சலூட்டுவது போன் பேச்சு. பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் அவ்வளவாகத் தொந்தரவு தெரிவதில்லை, ஒருவர் போனில் பேசினால் மட்டும் ஏன் காதைக் குடைகிறது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் லாரன் எம்பர்சன் குழு 2010-ல் இதைச் சோதித்தது. உரையாடலின் ஒரு பாதி மட்டும் கேட்கும்போது, மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை தானாகவே யூகிக்கப் பார்க்கிறது. அதனால் முழு உரையாடலைக் கேட்பவர்களைவிட, பாதியைக் கேட்பவர்களின் கவனம் அதிகமாகச் சிதறியது. "அப்புறம்? அய்யய்யோ! அவ என்ன சொன்னா?" என்று எதிர்சீட்டில் கேட்டால் நாம் மொபைலைப் பார்ப்பதுபோல் நடித்தாலும் காது அங்கேயே இருப்பது இதனால்தான்.

ரோட்டில் இறங்கினால் லாரி

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. பழைய என்.எச். 5, இப்போது என்.எச். 16. இங்கே இரண்டு புலம்பல்கள்: ஓரமாக நிற்கும் லாரிகள், ஓடும் லாரிகளின் ஹாரன்.

ஹாரனுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பல சுருதியில் அலறும் ஹாரன்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை போடுகிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194-எஃப் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம்.

ஓரமாக நிற்கும் லாரி வேறு கதை. இருட்டில் பைக்கில் வருபவருக்கு அது உயிருக்கே ஆபத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் பல நேரம் அந்த டிரைவரும் சரக்கு இறக்கத் தன் முறை எப்போது வரும் என்று தெரியாமல்தான் காத்திருக்கிறார். மைஸ்டரின் பட்டியல் அவருக்கும் பொருந்தும். நாம் அவரைப் பார்த்துப் புலம்ப, அவர் கம்பெனி கேட்டைப் பார்த்துப் புலம்புகிறார்.

புலம்பலா, புகாரா?

குறை சொல்வதில் இரண்டு வகை உண்டு என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ராபின் கவால்ஸ்கி. மாற்றம் வேண்டும் என்று சொல்வது ஒன்று. மனசை இறக்கிவைக்கச் சொல்வது இன்னொன்று. தமிழில் இதற்கு அழகாக இரண்டு வார்த்தைகளே இருக்கின்றன: புகார், புலம்பல்.

புலம்பல் வீண் அல்ல. முன்பின் தெரியாத இரண்டு பேர் "தினமும் இப்படித்தாங்க" என்று பேச ஆரம்பித்து ரயில் சிநேகிதர்கள் ஆவது இப்படித்தான். ஆனால் கோபத்தைக் கொட்டினால் அது தீர்ந்துவிடும் என்பது உண்மையில்லை. பிராட் புஷ்மேன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடித்தான் போனது.

புகாருக்கு வழிகள் இருக்கின்றன. ரயில் பிரச்னை என்றால் 139 எண்ணிலோ ‘ரயில் மதாத்’ செயலியிலோ பதிவு செய்யலாம். மாநில அரசு தொடர்பானது என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. கலெக்டரிடமே மனு கொடுக்க, திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் நடக்கிறது.

அங்கேயும் ஒரு கடுப்பு காத்திருக்கிறது. கலெக்டர் அலுவலகம் இருப்பது திருவள்ளூரில். ஒரே மாவட்டம்தான், ஆனால் திருவள்ளூர் மேற்கே அரக்கோணம் லைனில், கும்மிடிப்பூண்டி வடக்கு லைனில். ரயிலில் போவதென்றால் சென்னைக்கு வந்து பேசின் பிரிட்ஜில் மாறி, மறுபடியும் வெளியே போக வேண்டும். வேலை நாளில் ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போய்விடும். சிப்காட் தொழிலாளியின் குறை பெரும்பாலும் புலம்பலாகவே நின்றுவிடுவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

அதனால் புகார் எழுதும்போது "ரயில் லேட்" என்று மட்டும் எழுதுவதைவிட, எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது நல்லது. ஒரே பெட்டியில் போகும் பத்து பேர் ஒரே வாரத்தில் அதையே பதிவு செய்தால் இன்னும் நல்லது. கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. எக்ஸ்பிரஸை நிறுத்தச் சொல்ல வேண்டாம், சிக்னலை மாற்றச் சொல்ல வேண்டாம். "பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது, வண்டி இன்னும் எட்டு நிமிடத்தில் கிளம்பும்" என்று ஸ்டேஷன் மைக்கில் ஒரு வரி போதும். காத்திருப்பு குறையாது. ஆனால் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம்.