தோளில் பை, தலைக்குள் ஆட்டம்

கோடை விருந்துக்கு வந்த நண்பர்களோடு தில்லியில் ஒரு கோல்ஃப் காலை. ஆடியது அவர்கள். ஆட்டம் தெரிந்தவரோ பை சுமந்தவர்.

மே மாதக் கடைசி வாரம், காலை ஐந்தரை மணி. தெற்கு தில்லியின் லாடோ சராயில் வெயில் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. மரங்களுக்கு மேலே குதுப் மினார் மங்கலாகத் தெரிகிறது. கொல்கத்தாவிலிருந்து வந்த நண்பர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மட்டையைக் காற்றில் வீசிப் பார்க்கிறார். புனே நண்பர் கொட்டாவி விடுகிறார். இருவரும் கல்லூரி நாளிலிருந்து பழக்கம். நான்கு நாள் தங்குவதற்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். குடும்பங்கள் வீட்டில் தூங்குகின்றன. கோல்ஃப் ஆடத் தெரியாத நான், விருந்தோம்பும் கடமைக்காக உடன் நடக்க வந்திருக்கிறேன்.

ஆளுக்கு ஒரு கேடி அமர்த்தியாயிற்று. கொல்கத்தாக்காரருக்கு வாய்த்தவர் ஒல்லியானவர். வெளுத்துப்போன தொப்பி, தேய்ந்த கான்வாஸ் காலணி. 12 கிலோவுக்குக் குறையாத பையை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, நண்பர் வீசிப் பார்ப்பதைக் கண் இமைக்காமல் பார்க்கிறார். பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் புரிந்தது.

'கேடி' என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நம்மூரில் கேடி என்றால் போலீஸ் பதிவேட்டில் பெயர் உள்ளவர். கோல்ஃப் மைதானத்துக் கேடி வேறு வழியாக வந்தவர். பிரெஞ்சு மொழியில் இளம் படைப் பயிற்சியாளரைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்துக்குப் போய்த் திரிந்து, பை சுமப்பவர் என்றாகிவிட்டது. அகராதியில் கோல்ஃபுக்குக் குழிப்பந்தாட்டம் என்று அழகான பெயர் இருக்கிறது. கேடிக்குத் தமிழில் இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

குழிப்பந்தாட்டம் என்பது சரியான பெயர்தான். 46 கிராம்கூட எடையில்லாத ஒரு பந்தை, 10.8 சென்டிமீட்டர் அகலமுள்ள குழிக்குள் எத்தனை குறைந்த அடிகளில் தள்ளுகிறோம் என்பதுதான் ஆட்டம். இப்படி 18 குழிகள். ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்ற தீர்மானத்தில் பாதி ஆட்டம் அடங்கிவிடும். ஒரு சுற்று முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடக்கும் தூரம் ஆறேழு கிலோமீட்டர்.

விடியலில் தொடங்கியதற்குக் காரணம் தில்லியின் கோடை. 2024 மே 29-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. இந்தக் காலத்தில் ஒன்பதரை மணிக்குள் கடைசிக் குழியை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். முடிக்காதவர்களை வெயில் முடித்துவிடும்.

கோல்ஃப் என்றதும் நமக்குத் தோன்றுவது உறுப்பினராக வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டிய கிளப். வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆட்டம், அவர்கள் விட்டுப்போன வாசல் காவல். கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் அதுதான். லாடோ சராய் மைதானத்தின் கதை வேறு. தில்லி வளர்ச்சி ஆணையம் பொதுமக்களுக்காக அமைத்தது இது. எந்த கிளப்பிலும் உறுப்பினராக இல்லாதவரும் கட்டணம் கட்டி ஆடலாம். பத்திரிகைக்காரன் வீட்டு விருந்தாளிகள் மட்டையும் கையுமாக இங்கே நிற்பது அதனால்தான்.

நண்பர் கோல்ஃப் கற்றது வங்காளத்தின் வடக்கே தேயிலைத் தோட்ட வேலையில். அங்கே மழை தாராளம், புல் மெத்தை போல இருக்கும். நான்காவது குழியில் அந்தப் பழக்கத்தில் பைக்குள் கைவிட்டு ஒரு மட்டையை உருவினார். கேடி பையைச் சற்று நகர்த்திக்கொண்டு வேறொன்றை நீட்டினார். அது குறைந்த தூரம் போகும் மட்டை.

"அவ்வளவு தூரம் வராதேப்பா," என்றார் நண்பர் இந்தியில்.

"வரும், சாப். மண் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. கொடிக்கு அடிக்காதீர்கள். இருபது கெஜம் முன்னால் போடுங்கள். மிச்சத்தைப் பந்தே ஓடிக்கொள்ளும்."

நண்பர் முகத்தில் அரைமனது. ஆனாலும் அடித்தார். பந்து சொன்ன இடத்தில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, காய்ந்த புல்லில் ஓடி, கொடியிலிருந்து மூன்றடி தள்ளி நின்றது. நண்பர் வானத்தைப் பார்த்துக் கை தூக்கினார். புனேக்காரர் கை தட்டினார். கேடி ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த மூன்றடியைக் கடப்பது இன்னும் சிக்கல். தரை சமமாகத்தான் தெரிந்தது. கேடி குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, குழிக்கு வலப்பக்கம் ஒரு புல்லைக் காட்டினார். அங்கே தள்ளினால் பந்து இடப்பக்கம் திரும்பும் என்றார். திரும்பியது. பந்து குழிக்குள் விழுந்த சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது.

கோல்ஃப் விதிகளில் ஒரு விசித்திரம் உண்டு. தனியாட்டப் போட்டியில் எந்த மட்டையை எடுக்கலாம், எப்படி அடிக்கலாம் என்று ஆட்டக்காரர் எதிராளியிடம் கேட்கக் கூடாது. வேடிக்கை பார்ப்பவரிடமும் கேட்கக் கூடாது. அவர் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே மனிதர் அவருடைய கேடி. கேடி விதியை மீறினால் தண்டனை அடி ஆட்டக்காரர் கணக்கில் சேரும். விதிப் புத்தகத்தைப் பொறுத்தவரை இருவரும் ஒரே அணி. கூலிக் கணக்கு வரும்போதுதான் அணி இரண்டாகிறது.

இந்திய கோல்ஃபின் வரலாற்றையும் பை சுமந்தவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. இந்தியன் ஓப்பன் போட்டி 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பி.ஜி. சேத்தி வென்றார். ஆனால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல, பொழுதுபோக்குக்காக ஆடியவர். தொழில்முறை இந்தியர் ஒருவர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொட்டவர் அலி ஷேர், தில்லியில் கேடியாகத் தொடங்கியவர். 1993-இல் மீண்டும் வென்று, முதல் வெற்றி குருட்டு அதிர்ஷ்டம் என்றவர்களின் வாயை அடைத்தார். 2009-இல் அதே கோப்பையை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர்.

எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் கதை இன்னும் நெருக்கமானது. அவருடைய தந்தை ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்த தொழிலாளி. மகன் அங்கேயே கேடியாக இருந்து, பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். 2008-இல் தில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியின் மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஐரோப்பிய வீரர்கள் திரண்டு வந்த அந்தப் போட்டியை வென்றவர் சௌரசியா. 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் அவருக்கே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 129 ஆண்டுகள் பழைய கிளப்பாக அந்த மைதானம் இருந்தபோதுதான் இந்தியா சுதந்திரம் பெற்று பதினொன்றாம் ஆண்டைத் தொட்டது. அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர், அதன் புல்லை வெட்டியவரின் மகன்.

இவர்கள் கற்றது எப்படி? பல கிளப்களில் திங்கட்கிழமை விடுமுறை. உறுப்பினர்கள் வராத அந்த ஒரு நாளில் கேடிகள் ஆடிக்கொள்ள விடும் வழக்கம் உண்டு. உடைந்த மட்டை, யாரோ கழித்துப்போட்ட மட்டை, புதரில் பொறுக்கிய பந்து. வாரத்தில் ஆறு நாள் பார்வை, ஒரு நாள் பயிற்சி. எங்கள் கேடியிடம் கேட்டேன். அவரும் ஆடுவாராம். எப்படி ஆடுவீர்கள் என்றதற்கு, "நடக்கும், சாப்," என்றார். பிறகு தெரிந்தது, அவர் அடிக்கும் கணக்கு என் நண்பருடையதைவிட 15 அடிகள் குறைவு. அதைச் சொன்னவர் மற்ற கேடி. நண்பர் காதில் விழாதபடி சொன்னார்.

பை சுமப்பது இழிவான வேலையும் அல்ல. 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி விடியற்காலையில், கோல்ஃப் என்றால் என்ன என்றே தெரியாத லட்சக்கணக்கான இந்தியர்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் பதக்கத்துக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அந்த நாட்களில் அவருக்குப் பை சுமந்தவர் அவருடைய தாய். மகளின் பையைத் தாய் சுமந்ததைக் கண்டு நாடே நெகிழ்ந்தது. கூலிக்குச் சுமப்பவரைப் பார்த்தும் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கலாம்.

அந்தக் கூலிதான் விவகாரம். பெரும்பாலான இடங்களில் கேடிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. மழை பெய்தால் சுற்று இல்லை, சுற்று இல்லையென்றால் காசு இல்லை. கால் சுளுக்கினால் அது அவர் பாடு. அவர் யாருடைய ஊழியர்? பணம் தருபவர் ஆட்டக்காரர். உள்ளே விடுவதும் எண் கொடுப்பதும் மைதான நிர்வாகம். இந்தக் கேள்வி ஒரு முறை கடல் தாண்டியது. ஹாங்காங் கிளப் ஒன்றின் கேடி, தாமும் ஊழியர்தான், சட்டப்படி சேர வேண்டியதைத் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1997-இல் லண்டன் பிரிவி கவுன்சில் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது: அவர் கிளப்பின் ஊழியர் அல்ல. விதிப் புத்தகம் ஒரே அணி என்று சொன்ன உறவை, நீதிமன்றம் இப்படிப் பிரித்து வைத்தது.

எங்கள் ஆட்டம் ஒன்பதேகாலுக்கு முடிந்தது. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. கொல்கத்தாக்காரருக்கு இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல கணக்கு வந்ததில்லை. மகிழ்ச்சியில் சட்டைப் பையிலிருந்து, கூலிக்கு மேல் இன்னொரு அதே அளவு எடுத்தார். புனேக்காரர் தமிழில் தடுத்தார். "டேய், ரேட்டைக் கெடுக்காதே. நாளைக்கு வர்றவன்கிட்ட இதையே கேட்பான்."

"எனக்கு ஆடிக் கொடுத்தது அவன்தான்டா," என்றார் இவர்.

எங்கள் பேச்சு கேடிக்குப் புரிந்திருக்காது. ஆனால் ரூபாய் நோட்டு வெளியே வருவதும் பாதியில் நிற்பதும் எந்த மொழியிலும் புரியும். அவர் பையிலிருந்த மட்டைகளைத் துடைக்கத் துவங்கினார். ஒவ்வொன்றாக, தலைப்பக்கம் மண் இல்லாமல். முடிவில் நண்பர் முழுவதையும் கொடுத்தார். அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டு, தோள் மாறும்போது மட்டையின் முகம் திறந்துகொள்கிறது, அதைக் கவனியுங்கள் என்றார். நான்கு மணி நேரம் பொறுத்திருந்து, ஆட்டம் முடிந்த பிறகு சொன்னார். நடுவில் சொல்லியிருந்தால் நண்பர் குழம்பியிருப்பார். காலையில் அவர் கண் இமைக்காமல் பார்த்தது இதைத்தான்.

வீட்டில் அன்று விருந்து. மோர்க்குழம்பு, அப்பளம், தசேரி மாம்பழம். பெண்கள் ஊர்க்கதை, குழந்தைகள் சீட்டுக்கட்டு. கொல்கத்தாக்காரர் நான்காவது குழிக் கதையை மூன்று முறை சொன்னார். முதல் முறை கேடி மட்டையை மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் முறை இருவருமாக யோசித்தார்கள். மூன்றாம் முறை சொல்லும்போது கதையில் கேடி இல்லை. அவரைச் சொல்லிப் பயனில்லை. நல்ல ஆலோசனை கொஞ்ச நேரத்தில் நம்முடைய யோசனையாகிவிடுவது உலக வழக்கம்தான்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். கூலர் சத்தத்தில் பேச்சு ஓய்ந்தது. மூன்று மணிக்கு விழித்த நண்பர் ஜன்னல் திரையை விலக்கினார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் தார்ச் சாலையில் அலை அலையாக நெளிந்தது.

"அந்தப் பையன் இன்னொரு ரவுண்ட் போறேன்னு சொன்னான் இல்ல?" என்றார்.

சொல்லியிருந்தார். பத்து மணிக்கு ஒரு குழு வருகிறது, காத்திருக்கிறேன் என்றிருந்தார். அவர் பையனும் அல்ல. அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பத்தாம் வகுப்பு.

நண்பர் திரையை மூடவில்லை. சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "அவர் பேர் என்னன்னு கேட்கவே இல்லையேடா," என்றார்.

நானும்தான் கேட்கவில்லை.