அலையாத்திக் காட்டில் ஒரு நாள்

மார்ச்சுத் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று எம் பங்கின் இளைஞர்களையும் மறைக்கல்வி மாணவர்களையும் அழைத்துக்கொண்டு பிச்சாவரத்திற்கும் கடலூர்க் கடற்கரைக்கும் சென்று வரத் திட்டமிட்டபோது, பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் எழுந்து, "தவக்காலத்தில் உல்லாசப் பயணமா, சாமி?" என்று வினவினார். வினா நியாயமானதே. ஆனால் கடலாமைக் குஞ்சுகள் மணலைக் கீறிக்கொண்டு வெளிவருவதைக் காண வேண்டுமாயின் பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் ஆகிய மாதங்களில்தான் காணலாகும். ஆமைகள் நம் வழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்து முட்டையிடுவதில்லை என்று கூறி ஒருவாறு சமாளித்தேன். மேலும், பயணத்தில் புலால் இல்லை, கடையுணவும் இல்லை, வீட்டிலிருந்து கட்டுச்சோறு மட்டுமே என்ற ஏற்பாட்டுடன் பேரவை இசைந்தது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். தாமும் வரலாமா என்று கேட்டார். எனக்கு வியப்பாயிருந்தது. ஏனெனில் அவர் கடலூருக்கு அண்மையிலுள்ள ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் ஆறு வயதுப் பேரனைப் பறிகொடுத்தபின், உள்நாட்டில் இருக்கும் எம் பங்கிலுள்ள மகள் வீட்டிற்கு வந்து தங்கிவிட்டார். அதன்பின் கடல் இருக்கும் திசைக்கே சென்றதில்லை என்பதை யான் அறிவேன். "பேத்தி வருகிறாள், துணைக்கு நானும் வருகிறேன்" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

பிச்சாவரம் சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே அமைந்துள்ளது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் சேற்று நிலத்தில், ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில், சிறு சிறு திட்டுகளாகப் பிரிந்து நிற்கிறது இக்காடு. திட்டுகளுக்கிடையே ஓடும் வாய்க்கால்கள்தாம் அதன் தெருக்கள். ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-இல் உருவான உடன்படிக்கையின்கீழ், பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக 2022-ஆம் ஆண்டில் இது அறிவிக்கப்பட்டது. கோடியக்கரை அச்சிறப்பை 2002-லேயே பெற்றுவிட்டது.

காலை எட்டு மணிக்குள் படகுத்துறையை அடைந்தோம். மோட்டார்ப் படகும் உண்டு; துடுப்புப் படகும் உண்டு. வாசகர்கள் எவரேனும் செல்வதாயின் துடுப்புப் படகையே நாடுமாறு வேண்டுகிறேன். மோட்டாரின் இரைச்சலில் பறவைகள் பறந்துவிடும். குறுகிய வாய்க்கால்களுக்குள் அப்படகுகள் நுழையவும் இயலா. சிறுவர்களுக்கு மோட்டார்ப் படகின்மீதுதான் ஆசை. பங்குத்தந்தை என்ற அதிகாரத்தை அன்று ஒருமுறை பயன்படுத்தினேன்.

உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் சிறுவர்களின் பேச்சு தானாகவே அடங்கிற்று. இருபுறமும் சுரபுன்னை மரங்கள் நீருக்குள் பல கால்களை ஊன்றியவைபோல் வேர்விட்டு நின்றன. அவற்றின் விதை, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். முதிர்ந்தபின் விழுந்து, சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து சென்று வேறிடத்தில் வேரூன்றும். உப்புச் சேற்றில் வெறும் விதை பிழைப்பது அரிதாதலால், பிள்ளையை ஓரளவு வளர்த்தே வெளியே அனுப்புகிறது அம்மரம். உட்புறத்திலுள்ள வெண்கண்டல் மரத்தின் வழி வேறு. சேற்றில் காற்றில்லாமையால் அதன் வேர்கள் பென்சில்களை நட்டு வைத்தாற்போல் மேல்நோக்கி வளர்ந்து மூச்சுவிடுகின்றன. உறிஞ்சிய உப்பை இலைகள் வழியே கசியவிடுகிறது. ஒரு சிறுவன் இலையை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்புத்தான்!" என்று கூவினான். எல்லாரும் நக்கத் தொடங்கவே, படகோட்டி பதறிப்போனார். தில்லை மரமும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்தது இம்மரமே. இன்று அந்நகரில் அதைக் காண்பது அரிது. இங்குதான் காண முடிகிறது.

கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் கண்டோம். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. சேற்றின்மீது துள்ளித் திரியும் உளுவை மீன்களையும், ஒற்றைப் பெருங்காலை ஆட்டி ஆட்டி அழைக்கும் சிறு நண்டுகளையும் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். நீர்நாயும் நரியும் உண்டென்று படகோட்டி கூறினார். எம் கண்ணில் அவை படவில்லை.

ஒரு திருப்பத்தில், கழுத்தளவு நீரில் அமர்ந்தவாறு நகர்ந்து செல்லும் பெண்கள் சிலரைக் கண்டோம். வாயில் பனையோலைப் பறியைக் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவி, அகப்படும் இறாலைப் பறியில் இட்டுச் செல்கின்றனர். வலையில்லை, படகில்லை. இவர்கள் இருளர் இன மக்கள். எம்.ஜி.ஆர். நகர் முதலிய குடியிருப்புகளில் வாழ்ந்து, தலைமுறையாக இக்காட்டை நம்பிப் பிழைப்பவர்கள். பிள்ளைகளில் ஒருவன் நகைத்தான். அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்த எனக்கே நா எழவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரலைக்குப் பிந்திய நாட்களில், இளங்குருவாயிருந்த நானும் இக்கடற்கரையில் நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்தேன். இழந்த படகு எத்தனை, வலை எத்தனை, கட்டுமரம் எத்தனை என்று கணக்கெடுத்தோம். வெறுங்கையே தொழிற்கருவியாக உள்ளவர்களிடம், "இழந்தது என்ன?" என்று கேட்டால் எதைக் காட்டுவார்கள்? சேறும் மணலும் புரண்டு இறால் பிடிக்கும் இடங்கள் பாழாயின. ஆனால் அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. இருளர் குடும்பங்களின் பெயர்கள் எம் பட்டியலில் பிந்தியே ஏறின. யாரும் வேண்டுமென்று செய்ததன்று. ஆயினும் பிந்தியது பிந்தியதுதான்.

இக்காடும் முன்பு ஒருமுறை அழிவின் விளிம்பிற்குச் சென்று மீண்டதாகும். கடந்த நூற்றாண்டில் பல ஆண்டுகள், விறகுக்காகவும் கட்டைக்காகவும் பகுதி பகுதியாக அடியோடு வெட்டுவது அரசின் முறையாகவே இருந்தது. வெட்டிய இடம் மீண்டும் வளரும் என்று எண்ணினர், வளரவில்லை. ஆடு மாடு மேய்வதாலும் மக்கள் விறகு வெட்டுவதாலும்தான் காடு அழிகிறது என்று நெடுங்காலம் ஏழைகள்மீதே பழி விழுந்தது. உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தோர், எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தினர். மரம் இழந்த நிலம் வெயிலில் காய்ந்து, உள்வாங்கி, தொட்டிபோல் குழிந்துவிட்டது. ஓதத்தின்போது நுழையும் கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்து, எந்த விதையும் பிழைக்காத களர்நிலமாயிற்று. நோய் அறிந்தபின் மருந்து எளிது. நடுவே ஒரு வாய்க்காலும், அதிலிருந்து மீன்முள்போல் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தனர். உப்புக் குறைந்தது, கரைகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. 1990-களில் வனத்துறையும் சுற்றியுள்ள ஊர்மக்களும் இணைந்து இப்பணியைச் செய்தனர்.

காடு காப்பதற்கு நீர்வரத்தும் வேண்டும். மேற்கேயிருந்து கான்சாகிப் வாய்க்கால் முதலியவற்றின் வழியே வரும் நன்னீர், மழைக்காலம் கழிந்தால் மிகக் குறைந்துவிடுகிறது. அது பெரிய கதை, இங்கு விரிப்பதற்கில்லை.

படகு திரும்பும்போது, அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி படகோட்டியை நோக்கி, "தம்பி, அன்றைக்கு இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களெல்லாம் தப்பித்ததாமே, மெய்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஆயா, எங்களைக் காடுதான் காப்பாற்றியது. ஆனால் முன்னே மணல்திட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள்" என்றார் அவர். எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய ஊர்களை அவர் குறிப்பிட்டார். கடலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட மணற்பட்டையில் இருந்த ஊர்கள் அவை.

மூதாட்டி என்னை நோக்கினார். "அப்படியானால் எங்கள் ஊரிலும் இந்த மரத்தை வைத்திருந்தால், பிள்ளை இருந்திருப்பானா, சாமி?"

"ஆம்" என்று சொல்லிவிடுவது எளிது. மரம் வளர்ப்பு விழாக்களில் நாம் எல்லாரும் அவ்வாறே பேசுகிறோம். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயருக்குப் பொருளும் கூறுவர். 2005-ஆம் ஆண்டு அறிவியல் இதழொன்றில், டென்மார்க், இந்தியா முதலிய நாடுகளின் அறிஞர்கள் இதே கடலூர் மாவட்டத்தை ஆய்ந்து, மரம் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று எழுதினர். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சார்ந்த கதிரேசனும் இராஜேந்திரனும் 18 மீனவர் குடியிருப்புகளை ஆய்ந்து அவ்வாறே கூறினர். ஆனால் மறு ஆண்டே வேறு நாட்டு ஆய்வாளர் மூவர் அதே 18 ஊர்களின் கணக்கை மீண்டும் அலசி, உயிர்ச்சேதத்தின் வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே என்றனர். காட்டுக்குப் பின்னிருக்கும் ஊர் இயல்பாகவே கடலுக்குத் தொலைவில்தானே இருக்கும்? காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பதில் ஐயமில்லை. புயலலைக்கு நல்ல அரண். பேரலைக்கு முன் எவ்வளவு தாங்கும் என்பதில்தான் கருத்து வேற்றுமை.

இன்னொன்றும் உண்டு. அம்மூதாட்டியின் ஊர் திறந்த மணற்கரை. அலையாத்தி மரங்கள் அங்கே வளரவே வளரா. முகத்துவாரத்துச் சேறும் அமைதியான நீரும் இருந்தால்தான் அவை வேர்பிடிக்கும். இதைத்தான் அவருக்குக் கூறினேன். "உங்கள் ஊர் மணலில் இந்த மரம் நிற்காது, அம்மா. யாரும் வைக்கத் தவறியதால் போனதன்று."

அவர் சற்று நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் சவுக்கு வைத்தோம், விறகுக்கு வெட்டிவிட்டோம். அதனால்தானோ என்று இத்தனை வருசமாய் மனத்திற்குள் குத்திக்கொண்டே இருந்தது" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சுமந்த சுமை அதுவென்று அன்றுதான் அறிந்தேன். ஒப்புரவு அருட்சாதனத்தில்கூட அவர் சொல்லியிருக்க முடியாது. பாவமல்லாததை எப்படிச் சொல்வது?

மாலையில் கடலூர் வெள்ளிக் கடற்கரையை அடைந்தோம். தேவனாம்பட்டினத்தில் கெடில ஆற்றங்கரையில் இருந்த புனித டேவிட் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் எல்லாம் தமக்கே என்று எல்லை அளந்த செய்தியையும், குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதன் நினைவாக நிற்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அக்கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றித் தகர்த்துவிட்டார். பிள்ளைகளின் கவனம் அதில் செல்லவில்லை. ஆமைக் குஞ்சுகளைப் பற்றியே கேட்டவண்ணம் இருந்தனர்.

பங்குனி ஆமை என்று நம் மீனவர் வழங்கும் சிற்றாமை, இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாயும் நரியும் தோண்டாதபடி வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கின்றனர். 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சமுள்ள திசையைக் கடலென்று எண்ணி அவை செல்வதால், கரையோர மின்விளக்கு அவற்றிற்குப் பெரும்பகை. பேரலைக்குப் பின் அரணாகட்டும் என்று மணல்மேடுகளின்மீதே பல இடங்களில் சவுக்கு நட்டதும், ஆமைக்கு முட்டையிடும் இடத்தைக் குறைத்தது. நல்லெண்ணத்தோடு செய்ததும் இவ்வாறு ஆவதுண்டு. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சு முட்டி இறப்பதே பெரும்பாலும் காரணமாகக் கூறப்பட்டது. தொலைவிலிருந்தே பார்க்குமாறும், ஒளி பாய்ச்சிப் படமெடுக்க வேண்டாவென்றும் பிள்ளைகளைப் பணித்திருந்தேன். ஓரிருவர் தவிர ஏனையோர் கீழ்ப்படிந்தனர்.

கதிரவன் மறைந்தபின் குஞ்சுகளைக் கரையில் விட்டனர். உள்ளங்கையில் அடங்கும் கரிய உருவங்கள். முதல் அலை அவற்றைப் புரட்டிப் பின்னே தள்ளிற்று, மீண்டும் ஊர்ந்தன. பிள்ளைகள் ஒவ்வொன்றிற்கும் பெயரிட்டு ஊக்கியவாறு நின்றனர்.

மூதாட்டியைக் காணாமல் திரும்பிப் பார்த்தேன். பேத்தியின் கையைப் பிடித்தவாறு, கணுக்கால் நனையும் அளவுக்கு நீரில் நின்றுகொண்டிருந்தார். வடக்கே கை நீட்டிச் சிறுமிக்கு எதையோ காட்டினார். அங்கே தம் வீடு இருந்ததென்று சொல்லியிருக்கக்கூடும். யான் அருகே செல்லவில்லை.

பேருந்தில் ஏறும் முன்பு, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து என் கையில் வைத்தார். பேரலை வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்று காலைத் திருப்பலிக்குப் புத்தாடை உடுத்திக்கொண்டிருந்தானாம் பேரன்.

"வருகிற டிசம்பர் இருபத்தாறுக்கு அவன் பேரில் ஒரு பூசை வைக்க வேண்டும், சாமி. இதுவரைக்கும் வைக்கவில்லை."

பேருந்தின் விளக்கொளியிலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.