மூளையைப் பற்றும் பங்கசும் அதற்குரிய மருந்துகளும்

புறாவெச்சத்திலும் மண்ணிலும் வாழும் கிரிப்டோகொக்கசு என்னும் நுண்ணிய பங்கசு காற்றோடு கலந்து மனிதருடைய சுவாசப்பையைச் சென்றடைவது அரிய நிகழ்ச்சியன்று. உடலின் எதிர்ப்புச் சத்தி குன்றாதவரிடத்து அது பெரும்பாலும் அடங்கிவிடும். எயிட்சு நோயாளரிடத்தும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்று எதிர்ப்புச் சத்தியை அடக்கும் மருந்துகளை உட்கொள்வோரிடத்தும் நிலைமை வேறு. அங்கே அது குருதி வழியே சென்று மூளையையும் அதனைப் போர்த்திருக்கும் சவ்வுகளையும் பற்றுகின்றது. வாரக்கணக்கில் நீடிக்கும் தலையிடி, காய்ச்சல், பார்வை மங்கல், அறிவு தடுமாறல் என்பன குறிகள். சிகிச்சை பெறாதவர் பிழைப்பதில்லை என்றே கூறலாம்.

பற்றீரியாவைக் கொல்லப் பெனிசிலின் இருக்கையில், பங்கசைக் கொல்வது ஏன் இத்துணை அரிதாயிற்று என நேயர்கள் வினவக்கூடும். பற்றீரியாவின் கலம் மனிதக் கலத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. பங்கசோ, உயிரினங்களின் வமிசவழியில், தாவரங்களைக் காட்டிலும் மனிதருக்குக் கிட்டிய உறவு. அதனைக் கொல்லும் நஞ்சு நோயாளரையும் வருத்தும்.

1950களில், வெனிசுவேலா நாட்டு ஒரினோக்கோ ஆற்றுப்பகுதி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்றிலிருந்து அம்போதெரிசின் பீ பெறப்பட்டது. பங்கசின் கலமென்சவ்வில் எர்கோசுத்தரோலும், மனிதருடையதில் கொலசுத்தரோலும் உண்டு. இம்மருந்து முன்னதையே விரும்பிப் பற்றும். பின்னதை முற்றாக விட்டுவைப்பதுமில்லை. ஆதலால் குளிர்நடுக்கமும், பொற்றாசியக் குறைவும், சிறுநீரகக் கேடும் நேர்ந்தன.

அதற்குத் துணையாயமைந்த புளூசைற்றோசீன் 1957இல் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்டு, அதற்குப் பயன்படாது போன மருந்து. பங்கசினுள் நுழைந்தபின் அங்குள்ள நொதியமொன்று அதனை நஞ்சாக மாற்றுகின்றது. அந்நொதியம் மனிதக் கலத்தில் இல்லை. தனித்துக் கொடுத்தால் பங்கசு விரைவிலே அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும். ஆகவே கூட்டாகவே கொடுப்பர்.

அம்போதெரிசினைக் கொழுப்புத் துணிக்கைகளுட் பொதிந்து கொடுக்கும் முறை அதன் கொடுமையைத் தணித்தது. ஆபிரிக்காவின் ஐந்து நாடுகளில், எயிட்சு நோய்க்கிருமியும் உடைய 844 பேரிடத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளியாயிற்று. உடல் நிறையில் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரேயொரு முறை இம்மருந்தை ஏற்றி, புளூசைற்றோசீனையும் புளூக்கோனசோலையும் 14 நாட்கள் கொடுத்தபோது, பத்து வாரத்துள் இறந்தோர் நூற்றுக்கு 24.8, ஏழு நாட்கள் பழைய அம்போதெரிசினை ஏற்றிய முறையில் 28.7. கேடுகளும் குறைந்தன. உலக சுகாதார தாபனம் அவ்வாண்டே இம்முறையை ஏற்றது. ஆயினும் நால்வரில் ஒருவர் இறப்பதென்பது சிறிய இழப்பன்று.

மருந்தைப் பற்றியே பேசி ஊசியை மறந்துவிடலாகாது. பங்கசு பெருகுகையில் மண்டையோட்டினுள் அமுக்கம் ஏறும். முதுகின் கீழ்ப்புறத்தில் ஊசி செலுத்தி நீரை வடித்தலே பலரைக் காப்பது. எயிட்சு மருந்துகளையோ நான்கு முதல் ஆறு வாரம் தாமதித்தே தொடங்குகின்றனர். சத்தி திடீரெனத் திரும்பினால், மூளையினுள் எஞ்சிய பங்கசோடு அது நடத்தும் போரே உயிரைக் குடிக்கக்கூடும். புளூக்கோனசோல் மட்டும், எதிர்ப்புச் சத்தி மீளும்வரை, குறைந்த அளவில் மாதக்கணக்காகத் தொடரும்.