குடியிருந்துகொண்டே வீட்டைத் திருத்திய கதை

புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் காகிதாதிகள் கடை வைத்திருப்பவன் நான். சட்டத்தரணிகளுக்கான கோப்புகள், நீளத்தாள், மை, நூல் என்று நாள் முழுக்க நான் விற்பதெல்லாம் ஒப்பந்தம் எழுதுவதற்கான சாமான்கள். அப்படிப்பட்ட நான், என் சொந்த வீட்டு பாத்ரூமை உடைத்துக் கட்ட ஒரு மனிதரிடம் இரண்டரை இலட்சம் ரூபா கொடுத்தேன். ஒரு துண்டுக் கடதாசியும் எழுதவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒரு பழைய தொடர்மாடியில் மூன்றாம் மாடி. எழுபதுகளின் கடைசியில் கட்டியது. வாப்பா வாங்கியது. அறுநூறு சதுர அடி இருக்கும். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, ஒரேயொரு பாத்ரூம். லிஃப்ட் கிடையாது. நாற்பது வருடத்துக்கு மேல் பெரிதாகக் கை வைக்கவில்லை. புதுக்கடையிலும் வாழைத்தோட்டத்திலும் மாளிகாவத்தையிலும் நம்மவர்கள் பலருடைய நிலைமை இதுதான். கடைக்கு முன்பக்கம் கண்ணாடி போடுவோம், ஏசி போடுவோம். வீட்டுக் குழாயில் ஒரு வாளி நிரம்பக் கால் மணித்தியாலம் எடுக்கும், அதைப் பார்க்க மாட்டோம்.

"கடைக்கென்டா காசிருக்கு, குசினிக்கு மட்டும் இல்ல" என்று மனைவி பல வருடமாகச் சொல்லி வந்தார். நானும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். 2020 ஏப்ரலில் அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியபோது டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் அதில் அகப்பட்டன. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. அந்த வருடம் ஒரு மூடை சிமெந்து 3,000 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. சாமான் விலை பழைய இடத்துக்குத் திரும்பிவரப் போவதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதற்கிடையில் உம்மா பாத்ரூமில் ஒருநாள் வழுக்கி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. அதன்பிறகு காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாடகைக்கு வேறு வீடு எடுத்து ஒதுங்கியிருந்து வேலை செய்விப்பது நல்லதுதான். கொழும்பில் அதற்கு முற்பணமும் வாடகையும் கொடுத்தால் டைல்ஸுக்கு வைத்த காசு அதிலேயே போய்விடும். ஆகவே குடியிருந்துகொண்டே செய்வதென்று முடிவெடுத்தோம். தொகை எட்டு இலட்சம். வயரிங்குக்கு ஒன்றே முக்கால், பாத்ரூமுக்கு மூன்று, குசினிக்கு ஒன்றரை, பெயிண்டுக்கு எழுபத்தையாயிரம். மீதி ஒரு இலட்சம், வராத செலவு வந்தால் கொடுக்க. சரக்கு எடுக்கும் காசில் ஒரு சதமும் தொடுவதில்லை என்று எனக்கு நானே நிபந்தனை போட்டேன். டிசம்பர், ஜனவரியில் அப்பியாசப் புத்தக சீசன். அந்தச் சரக்குக்கு வைத்த காசை வீட்டுச் சுவரில் பூசிவிட்டு, பிறகு வட்டிக்காரனைத் தேடிப் போன வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டிய வீடு அழகாகத்தான் இருந்தது.

2024 நோன்புப் பெருநாள் முடிந்து, மே மாதம் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் வயரிங். பலர் இதைக் கடைசிக்கு வைப்பார்கள், அல்லது விட்டே விடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால். ஆனால் சுவரை வெட்டும் வேலை அது. பெயிண்ட் அடித்த பிறகு செய்தால் இரண்டு செலவு. எங்கள் வீட்டில் வட்டமுனை பிளக் பொயிண்டுகள், பீங்கான் ஃபியூஸ், இறப்பர் உறை காய்ந்து உதிர்ந்த கம்பி. கட்டியபோது இரண்டு மின்விசிறியும் நான்கு பல்பும் என்று போட்ட கம்பியில் இன்று ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், ரைஸ் குக்கர், அயன் எல்லாம் தொங்குகின்றன. மின்வேலை செய்த தம்பி பழைய கம்பியை விரலால் மடித்துக் காட்டினார், உறை பொரி போல உதிர்ந்தது. ட்ரிப் சுவிட்ச் போட்டு, 13 அம்பியர் சதுரமுனைப் பொயிண்டுகளாக மாற்றினோம். ஏழு நாள். ஒரு அறையைக் காலிசெய்து, கதவுக்குப் பொலித்தீன் ஒட்டி, மற்ற அறையில் எல்லோரும் படுத்தோம். மாலை ஐந்து மணிக்கு மின்சாரம் திரும்பி வரவேண்டும் என்பது நான் போட்ட ஒரே கட்டளை. தூசி மட்டும் கட்டளைக்குக் கட்டுப்படவில்லை, சோற்றுப் பானைக்குள்ளும் வந்தது.

அடுத்தது தரை. இங்கே உம்மா குறுக்கே நின்றார். ஹோலில் சிவப்புச் சிமெந்துத் தரை. கார்டினல் பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்து அவர் வளர்த்த தரை. "மகன், அத மட்டும் உடைக்க வாணாம்" என்றார். நான் டைல்ஸ் போடும் எண்ணத்தில் இருந்தேன். பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் இரண்டு நாள் ஏறி இறங்கி விலையும் எடுத்துவிட்டேன். மேசன் பாஸ் ஒருவர்தான் கணக்குச் சொன்னார். இரண்டு அங்குலத்துக்கு மணல் சிமெந்து கொட்டினால் ஒரு சதுர மீற்றருக்கு நூறு கிலோ அளவில் பாரம் ஏறும். பழைய கட்டடத்தில், மூன்றாம் மாடியில், முழு ஹோலுக்கும் அது தேவையா? தரை ஓர் இடத்திலும் வெடிக்கவில்லை. இரண்டு மூலைகளில் பழுது பார்த்து, மெருகேற்றி விட்டுவிட்டோம். உம்மாவின் பிடிவாதத்தால் மிச்சமான காசு பின்னால் எவ்வளவு உதவியது என்று அவருக்கு நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பாத்ரூமில்தான் மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவர் கூட்டிவந்த கொந்தராத்துக்காரர், சாமானும் கூலியும் சேர்த்து மூன்று இலட்சம் என்றார். நல்ல பேச்சு. "முதலாளி, நமக்குள்ள என்ன எழுத்து" என்றார். அந்த வார்த்தைக்கு நான் மயங்கினேன். வேலை நடக்க நடக்க இரண்டரை இலட்சம் வாங்கிவிட்டார். வீட்டில் இருப்பதோ ஒரு டொயிலட். அந்த எட்டு நாளும் உம்மா மாளிகாவத்தையில் சின்னம்மா வீட்டில். பிள்ளைகள் பள்ளிவாசலையும் கடையையும் நம்பி இருந்தார்கள். மனைவி பக்கத்து வீட்டில் சாவி வாங்கி வைத்திருந்தார். அயலவர் செய்த அந்த உபகாரத்துக்கு எந்த பட்ஜெட்டிலும் இடமில்லை.

டைல்ஸ் ஒட்டி, கொமட் பூட்டி, தண்ணீர் திறந்த நாலாம் நாள் காலை கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்தார். தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. "நானா, உங்கட வீட்டில மழை பெய்யுதோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். போய்ப் பார்த்தால் அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே ஈரம் பரவி, சொட்டுச் சொட்டாக விழுகிறது. கட்டிலை இழுத்து ஒதுக்கி வாளி வைத்திருந்தார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. கொந்தராத்துக்காரருக்கு அழைப்பு எடுத்தேன். இரண்டு நாள் "வாறன் முதலாளி". மூன்றாம் நாளிலிருந்து தொலைபேசி வேலை செய்யவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு, வழக்குப் போடக் கையில் ஒரு எழுத்து இல்லை.

புதிய பாஸ் வந்து உடைத்துப் பார்த்தார். நீர்க்காப்புப் பூச்சு போடவேயில்லை. பழைய தளத்துக்கு மேல் நேரே சாந்து போட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதன் இடைவெளிகளால் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு. தளத்தைச் சுத்தமாக்கி, மூலைகளை வளைவாகப் பூசி, இரண்டு தடவை குறுக்கு நெடுக்காக அடித்து, சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். காய்ந்த பிறகு வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விடவேண்டும். அந்த இருபத்துநாலு மணித்தியாலமும் நான் கீழே டீச்சர் வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்லலாம். அவர் தேநீர் தந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. அதன் பிறகுதான் டைல்ஸ். அத்தோடு துருப்பிடித்து உள்விட்டம் சுருங்கிய பழைய இரும்புக் குழாயைக் கழற்றி பீவீசி போட்டு, எங்கள் வீட்டுக்கென்று தனி அடைப்பு வால்வும் வைத்தோம். இப்போது வாளி இரண்டு நிமிடத்தில் நிரம்புகிறது.

இந்த இரண்டாம் வேலைக்கு, டீச்சர் வீட்டுக் கூரைப் பூச்சும் பெயிண்டும் உட்பட, 1,60,000 ரூபா. முதல் ஆளுக்குக் கொடுக்காமல் மீதமிருந்த ஐம்பதாயிரம், ஒதுக்கி வைத்த ஒரு இலட்சம், குசினிக் காசில் பத்தாயிரம்.

தொடர்மாடிக்காரர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். மாடிவீட்டு உரிமை பற்றி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டின் உட்புறம் உங்களுடையது. தூண், படிக்கட்டு, மொட்டைமாடி, பொதுக் கழிவுக் குழாய் எல்லோருக்கும் பொது. குசினியைப் பெரிதாக்க நடுச்சுவரை உடைக்க எனக்கும் ஆசை வந்தது. அது பாரம் தாங்கும் சுவர் என்று தெரிந்ததும் ஆசையை அடக்கிக்கொண்டேன். நிர்வாகக் குழுவிடம் வேலை நேரமும் கேட்டு எழுதி வாங்கினேன். அந்த எழுத்தை மட்டும் மறக்கவில்லை. உடைத்த கல்லையும் மண்ணையும் மாநகர சபையின் குப்பை வண்டி ஏற்றாது. சிமெந்துச் சாக்குகளில் பாதி அளவே நிரப்பி, மூன்று மாடி இறக்கி, சிறிய லொறி பிடித்து அனுப்பினோம். அந்தச் செலவை முதலில் நான் கணக்கிலேயே எழுதவில்லை. ஹோல் தரையில் மிச்சமானதுதான் அதற்குப் போனது.

குசினியில் காசு குறைந்ததால் புதிய பேண்ட்ரி கனவு போனது. அலுமாரியின் பெட்டிகள் தேக்கு, உறுதியானவை. ஓடாவி கதவுகளை மட்டும் மாற்றினார். புதிய சிங்க், குழாய், அடுப்புக்குப் பின்னால் நான்கு வரிசை டைல்ஸ். பெயிண்டை மழை ஓயும்வரை நிறுத்தி, ஆகஸ்டில் நீதிமன்ற விடுமுறையில் கடை ஆறுதலாக இருந்தபோது, மகன்மாரும் நானுமாக அடித்தோம். ஈரச் சுவரில் அடித்திருந்தால் கொப்புளம் போட்டிருக்கும்.

பெயிண்ட் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரைச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். அவர் பாத்ரூமைத்தான் முதலில் போய்ப் பார்த்தார். மாடிப்படிப் பக்கக் கதவுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அது அடுத்த வருடக் கணக்கு. புதிய பாஸோடு செய்த ஒப்பந்தம், என் கடையின் நீளத்தாளில் இரண்டு பக்கம், லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது.